நேப்பர்வில் ஹைஸ்கூல்: கோவையில் ஒன்பதாவது முடித்த மகளை எப்படிச் சேர்ப்பது?

சிங்காநல்லூர்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கம்பெனி மாற்றலில் எல்-1 விசாவில் ஜூலை கடைசியில் குடும்பத்தோடு சிகாகோ வருகிறோம். எனக்கு வேலை டவுன்டவுனில். நேப்பர்வில் இல்லையென்றால் அரோராவில் வீடு பாருங்கள், ரூட் 59 ஸ்டேஷனில் ரயில் ஏறினால் போதும் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள்.

கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். இங்கே சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாவது முடித்துவிட்டாள். கணக்கு நன்றாகப் போடுவாள். பள்ளி வாலிபால் அணியில் செட்டர். தமிழ் ஒரு பாடமாகப் படித்தவள். அங்கே போய்ப் பத்தாவதில் சேர முடியுமா, ஒரு வருடம் பின்னால் தள்ளிவிடுவார்களா? "இவ்வளவு தூரம் போய் கவர்ன்மென்ட் ஸ்கூலில் சேர்க்கப் போகிறாயா?" என்று மாமனார் தினமும் கேட்கிறார். நேப்பர்வில் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே பத்து ஏபி எடுக்காவிட்டால் நல்ல காலேஜே கிடைக்காது என்கிறார்கள். ஏபி என்றால் என்ன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாலிபாலையும் தமிழையும் மூட்டை கட்டி வைத்துவிடு என்று அவளிடம் சொல்ல எனக்கு மனமில்லை.

பிள்ளைகளை அங்கே படிக்க வைத்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

ரூட்59_அம்மா:

தம்பி, என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் ஹைஸ்கூல் முடித்தார்கள். எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி. உங்கள் மாமனார் கேட்ட அதே கேள்வியை என் அப்பாவும் கேட்டார்.

இங்கே பப்ளிக் ஸ்கூல் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள் கட்டும் வீட்டு வரியில்தான் நடக்கிறது. நேப்பர்வில்லில் வாடகை அதிகம் என்று எல்லோரும் அலுத்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் பள்ளிதான். வாடகை கொடுக்கும்போதே பள்ளிக்கும் கொடுத்துவிடுகிறீர்கள். தனியார் பள்ளியைத் தேட வேண்டிய தேவை எங்களுக்கு ஒரு நாளும் வரவில்லை. பதிவுக் கட்டணம், விளையாட்டுக் கட்டணம் என்று கொஞ்சம் கேட்பார்கள். டொனேஷன் என்ற பேச்சே கிடையாது.

ஆனால் வீடு பார்க்கும்போது ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். முகவரியில் நேப்பர்வில் என்று இருப்பதை வைத்து எந்தப் பள்ளி என்று சொல்லிவிட முடியாது. ஊரின் ஒரு பகுதி டிஸ்ட்ரிக்ட் 203 என்ற பள்ளி நிர்வாகப் பகுதிக்குள் வரும். அதில் நேப்பர்வில் சென்ட்ரல், நேப்பர்வில் நார்த் என்று இரண்டு ஹைஸ்கூல்கள். இன்னொரு பகுதி 204. அதில் வாபான்சி வேலி, நியூக்வா வேலி, மெட்டியா வேலி என்று மூன்று. வாபான்சி 1975இல் வந்தது. ஊர் பெருத்துக்கொண்டே போக நியூக்வா 1997இலும் மெட்டியா 2009இலும் வந்தன. மெட்டியா இருப்பது அரோராவில். தெற்குக் கோடியில் சில வீடுகள் பிளெயின்ஃபீல்டின் 202க்குப் போய்விடும். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்பது இங்கே சாதாரணம். வீட்டுக்காரர் சொல்வதை நம்பி லீஸில் கையெழுத்துப் போடாமல், டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் அந்த முகவரியையே போட்டுப் பாருங்கள். ஐந்தில் எது உசத்தி என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடக்கும். அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஐந்துமே நல்ல பள்ளிகள். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒன்றரை மைலுக்கு மேல் இருந்தால் மஞ்சள் பஸ் இலவசம் என்பது அதைவிட உபயோகமான தகவல்.

அடுத்தது காகிதங்கள். கிளம்புவதற்கு முன்பே ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட், டிசி, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை நான்கையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட வேண்டாம். ஊசி போட்ட தேதி ஒவ்வொன்றும் தெளிவாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் சின்னம்மை ஊசி விட்டுப்போயிருக்கும், ஏனென்றால் அது அரசு அட்டவணையில் இல்லை. இங்கே அது இரண்டு டோஸ் கேட்பார்கள். அங்கேயே போட முடிந்தால் போட்டுவிடுங்கள். டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசியும் அப்படித்தான். வந்த பிறகு இங்குள்ள டாக்டரிடம் இல்லினாய் மாநிலப் படிவத்தில் உடல் பரிசோதனை, அப்புறம் புதிதாக இந்த மாநிலப் பள்ளியில் சேர்வதால் கண் பரிசோதனை. லீஸும் கரண்ட் பில்லும் இருந்தால் முகவரிச் சான்று முடிந்தது.

மகள் பத்தாவதில்தான் சேர்வாள். இங்கே ஹைஸ்கூல் என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம். பத்தாவதை சோஃபமோர் என்பார்கள். நம் ஊர் மாதிரி வருடக் கடைசியில் ஒரு பெரிய பரீட்சை வைத்து பாஸ், ஃபெயில் என்று சொல்வதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட். நான்கு வருடத்தில் குறிப்பிட்ட கிரெடிட் சேர்ந்தால் பட்டம். அவளுடைய ஒன்பதாவது மார்க் ஷீட்டைப் பார்த்து கிரெடிட்டாக மாற்றுவார்கள். இல்லினாயில் ஆங்கிலம் நான்கு வருடம், கணக்கு மூன்று வருடம் கட்டாயம். அமெரிக்க வரலாறும் அரை வருடம் சிவிக்ஸ் என்ற குடிமையியலும் எடுத்தே ஆக வேண்டும், அரசியல் சாசனத் தேர்வு ஒன்றும் உண்டு. அறிவியலை நம் ஊர் போல மூன்றையும் கலந்து படிக்க மாட்டார்கள். ஒரு வருடம் முழுக்க பயாலஜி, அடுத்த வருடம் முழுக்க கெமிஸ்ட்ரி, அப்புறம் ஃபிசிக்ஸ். "நான் பயாலஜி படித்ததாகக் கணக்கா, இல்லையா?" என்று அவளுக்கே குழப்பம் வரும். சிலபஸ் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள், கவுன்சிலரிடம் காட்டலாம்.

சிலபஸ் மிகவும் தேவைப்படும் இடம் கணக்குதான். இங்கே அல்ஜீப்ரா ஒன்று, ஜாமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஒரு வரிசை. சிபிஎஸ்இ ஒன்பதாவதில் பாலினோமியல், யூக்ளிட், முக்கோணம், வட்டம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வந்துவிடும். இங்கே இரண்டு வருடத்துப் பாடங்களில் பாதிப் பாதியாக அவை கிடக்கின்றன. புதிதாக வந்த பிள்ளை என்று கீழே போட்டுவிட்டால் தெரிந்ததையே ஒரு வருடம் போட்டுக்கொண்டிருப்பாள். பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இங்கே கேட்டால் நடக்கும், கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து தர மாட்டார்கள். கேட்பதை மரியாதைக் குறைவாக யாரும் நினைப்பதில்லை. கவுன்சிலருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பொறுப்பு. ஒரு கவுன்சிலருக்கு 250 பேர் இருக்கலாம் என்பது அவர்களுடைய தேசியச் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் அதற்கும் மேலே போகிறது. மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்கி, மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். பேச வேண்டியதை அவளே பேசட்டும்.

இப்போது ஏபி. கல்லூரி முதலாண்டுத் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே எடுத்து மே மாதம் பரீட்சை எழுதுவார்கள். மதிப்பெண் ஒன்றிலிருந்து ஐந்து வரை. இல்லினாய் அரசுப் பல்கலைக்கழகங்கள் மூன்றோ அதற்கு மேலோ எடுத்தாலே கிரெடிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எந்தப் பாடத்துக்குப் பதிலாக அது எண்ணப்படும் என்பது மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து ஏபி என்ற எண்ணிக்கையைக் கொண்டு வந்து பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் வைக்காதீர்கள். பிடித்த பாடத்தில் எடுக்கட்டும். ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் தூங்கப் போகிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாவதில் ஒன்று எடுத்தாலே புதிதாக வந்தவளுக்குப் போதும். எடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது.

நான் சொல்ல வந்ததே இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். டிசம்பர், ஜனவரி வாக்கில் அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பாடப் பட்டியல் ஒரு புத்தகமாகவே இருக்கும். நம் வீடுகளில் அதன் முதல் சில பக்கங்களை மட்டும் பார்ப்பார்கள்: கணக்கு, அறிவியல், கம்ப்யூட்டர். அதற்குப் பின்னால்தான் பள்ளியின் உண்மையான சொத்து இருக்கிறது. மண்பாண்டம் செய்யும் வகுப்பு, நகை செய்யும் வகுப்பு, மரவேலை, கார் ரிப்பேர், சமையல், ஆர்கெஸ்ட்ரா, நாடகம், பள்ளிப் பத்திரிகை. என் மகள் செராமிக்ஸ் எடுத்தபோது இவர் முகத்தைச் சுளித்தார். அந்த அறைக்கு ஒரு நாள் மாலை பெற்றோரை அழைத்திருந்தார்கள். சக்கரங்கள் வரிசையாக, பெரிய சூளை, சுவர் முழுக்கப் பலகைத் தட்டில் பிள்ளைகள் செய்த கிண்ணங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் கீறியிருந்தது. ஒரு கிண்ணம் சூளையில் வெடித்தால் ஏன் வெடித்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஈரம் எவ்வளவு இருந்தது, சுவர் எவ்வளவு தடிமன், எத்தனை டிகிரியில் வைத்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அவள் எழுதிய கெமிஸ்ட்ரி ரிப்போர்ட் எதையும் நான் அவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. இப்போது மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறாள்.

டியூபேஜ் கவுன்டியில் அடிசன் என்ற ஊரில் டெக்னாலஜி சென்டர் ஆஃப் டியூபேஜ் என்று ஒன்று இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கிறவர்கள் பாதி நாள் தங்கள் பள்ளியிலும் பாதி நாள் அங்கேயும் படிப்பார்கள். கார் மெக்கானிக், சமையல், தீயணைப்பு, நர்சிங் உதவியாளர் என்று பல பிரிவுகள். நம் ஆட்கள் இதைப் படிப்பில் பின்தங்கியவர்களுக்கு என்று ஒதுக்குகிறார்கள். மருத்துவம் படிக்க ஆசை என்று சொல்லும் பிள்ளை, பதினேழு வயதில் ஒரு நோயாளிக்குப் படுக்கை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது எவ்வளவு நல்லது என்று யோசித்துப் பாருங்கள்.

உடற்பயிற்சி வகுப்பைப் பார்த்து அவள் ஆச்சரியப்படுவாள். பிள்ளைகள் தினமும் பிஈ செய்ய வேண்டும் என்று நெடுங்காலம் சட்டம் வைத்திருந்த மாநிலம் இல்லினாய். 2017இல் தளர்த்தி வாரத்தில் மூன்று நாளாவது என்று ஆக்கினார்கள். நேப்பர்வில் 203இல் ஃபில் லாலர் என்ற பிஈ ஆசிரியர் 1990களில் பிள்ளைகளுக்கு இதயத் துடிப்புக் கருவி மாட்டி ஓடவிட்டார். முதலில் வந்தவனுக்கு மதிப்பெண் என்ற வழக்கம் போய், தன் உடம்பை எவ்வளவு உழைக்க வைத்தாய் என்பதற்கு மதிப்பெண் வந்தது. கடைசியாக மூச்சு வாங்கி வரும் குண்டுப் பையனின் துடிப்பு 180ஐத் தொட்டிருந்தால் அவன்தான் நன்றாகச் செய்தவன். என் மகன் குண்டுதான். அவனுக்கு ஏ கிடைத்த முதல் பிஈ வகுப்பு இந்த ஊரில்தான்.

தமிழை விட வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டேட் சீல் ஆஃப் பைலிட்டரசி என்று ஒரு முத்திரை இருக்கிறது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் பேச, படிக்க, எழுதத் தெரியும் என்று தேர்வு எழுதிக் காட்டினால் டிரான்ஸ்கிரிப்டிலும் டிப்ளமோவிலும் அது ஏறும். தமிழுக்கும் தேர்வு உண்டு. இல்லினாய் அரசுப் பல்கலைக்கழகங்கள் இதை ஹைஸ்கூலில் இரண்டு வருடம் வெளிநாட்டு மொழி படித்ததற்குச் சமமாக எடுத்துக்கொள்ளும். ஒன்பதாவது வரை தமிழ் படித்தவளுக்கு இது கஷ்டமே இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குப் போய் வருடக்கணக்கில் இதற்காக முட்டி மோதுகிறார்கள். அவளால் முடிந்தால் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வரட்டும். எங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

---

திருச்சி_டு_அர்பானா:

அங்கிள், ஆன்ட்டி பெற்றோர் பக்கம் சொல்லிவிட்டார்கள். நான் பிள்ளை பக்கம் சொல்கிறேன். நான் திருச்சியிலிருந்து வந்து இதே பகுதியில் ஹைஸ்கூல் சேர்ந்தவன். இப்போது அர்பானா-ஷாம்பெயினில் படிக்கிறேன்.

முதல் விஷயம், சேரும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். தமிழ் என்று எழுதுங்கள், பயப்படாதீர்கள். அப்படி எழுதினால் ஆங்கிலத் திறமையைச் சோதிக்க விடா ஸ்கிரீனர் என்ற தேர்வு வைப்பார்கள். கேட்பது, படிப்பது, பேசுவது, எழுதுவது நான்கும் இருக்கும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த என் மகளுக்கு எதற்கு இது என்று அப்பாக்களுக்குக் கோபம் வரும், என் அப்பாவுக்கும் வந்தது. பேசும் பகுதியில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டுவார்கள். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரிடம் பேச வேண்டும். ஒரே வரியில் பதில் சொல்லி நிறுத்திவிடுவோம். காரணம் சொல்லி, உதாரணம் சொல்லி நீட்டிப் பேசச் சொல்லுங்கள்.

அதில் குறைந்தால் ஈஎல், அதாவது ஆங்கிலம் கற்பவர்களுக்கான வகுப்பு போடுவார்கள். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். ஆனாலும் வருடா வருடம் குளிர்காலத்தில் ஏக்சஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். அதில் மொத்தம் 4.8 வந்தால் வெளியே வந்துவிடலாம். நான் ஒரு வருடம் ஈஎல் வகுப்பில் இருந்தேன். சின்ன வகுப்பு. போலந்துப் பையன், மெக்சிகோப் பெண், சீனாவிலிருந்து வந்த இரண்டு பேர். அந்தப் பள்ளியில் என்னை முதன்முதலில் பெயர் சொல்லிச் சரியாகக் கூப்பிட்டவர் அந்த டீச்சர்தான். கட்டுரை எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நம் ஊரில் கட்டுரை என்றால் மனப்பாடம். இங்கே உன் கருத்து என்ன, அதற்குப் புத்தகத்தில் எந்த வரி சாட்சி என்று கேட்பார்கள். உங்கள் மகளுக்குக் கணக்கைவிட இதுதான் புதிதாக இருக்கும்.

வாலிபால்: அவசரம் இருக்கிறது, உடனே கவனியுங்கள். பெண்கள் வாலிபால் இங்கே இலையுதிர்கால விளையாட்டு. ட்ரைஅவுட் என்ற அணித் தேர்வு ஆகஸ்டில், பள்ளி திறப்பதற்கு முன்பே நடந்துவிடும். ஜூலை கடைசியில் வந்து இறங்கினால் கையில் இரண்டு வாரம்கூட இருக்காது. விளையாட்டுக்கான மருத்துவப் பரிசோதனை இல்லாமல் கோர்ட்டில் கால் வைக்க விட மாட்டார்கள். ஒரு முறை செய்தால் 395 நாள் செல்லும். பள்ளிக்கான பரிசோதனையையும் இதையும் ஒரே டாக்டர் அப்பாயின்ட்மென்டில் முடித்துவிடுங்கள். கோச்சுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பலாம். அவள் செட்டர் என்று சொல்லி ஒரு சின்ன வீடியோ சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இங்கே பெண்கள் சின்ன வயதிலிருந்தே கிளப் அணிகளில் ஆடி வருகிறார்கள். இடம் கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் அன்றைக்கே கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் சேரச் சொல்லுங்கள், அதில் பெரும்பாலும் யாரையும் கழிக்க மாட்டார்கள். புது ஊரில் ஆகஸ்டிலேயே முப்பது பேரைத் தெரிந்திருந்தால் பள்ளி திறக்கும் நாளில் மதியம் சாப்பிட எந்த மேஜையில் உட்காருவது என்ற பிரச்சினை தீர்ந்தது. எனக்கு அந்தப் பிரச்சினை அக்டோபர் வரை இருந்தது.

என்னைக் காப்பாற்றியது செஸ். இந்த மாநிலத்தில் செஸ்ஸும் ஓட்டப் பந்தயம் போல ஐஎச்எஸ்ஏ என்ற மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் நடத்தும் பள்ளிப் போட்டிதான், மாநில இறுதி பியோரியாவில். எட்டு பேர், எட்டுப் போர்டு. முதல் போர்டு ஜெயித்தால் 12 புள்ளி, இரண்டாவதற்கு 11, இப்படிக் குறைந்து எட்டாவதற்கு 5. மொத்தம் 68, அதில் 34½ எடுத்த அணிக்கு வெற்றி. நான் எட்டாவது போர்டு. ஒரு மேட்சில் மற்ற ஏழும் முடிந்து நாங்கள் 32இல் நின்றோம். ரூக் எண்ட்கேம், என் கையில் ஒரு பான் அதிகம். அணியில் எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அந்த ஐந்து புள்ளி வந்த பிறகு பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று போட்டி. கணக்கு அணி, ரோபாட்டிக்ஸ், சயின்ஸ் ஒலிம்பியாட், ஸ்பீச் டீம் எல்லாமே இப்படித்தான். ஏதாவது ஒன்றில் உங்கள் மகள் இருக்க வேண்டும். காலேஜ் விண்ணப்பத்துக்காகச் சொல்லவில்லை அங்கிள், பள்ளிக்குப் போகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

அரோரா_அப்பா:

கேள்வி கேட்டவருக்கு இது தேவைப்படாது. ஆனால் இந்த இழையைப் பின்னால் தேடி வந்து படிக்கும் வேறு ஒரு தகப்பனுக்குத் தேவைப்படலாம், அதனால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம். ஊரில் இருந்தபோது பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினோம். விஷயத்தைச் சொன்னால் இடமில்லை என்பார்கள், சொல்லாமல் சேர்த்தால் மூன்றே மாதத்தில் கூப்பிட்டு டிசி கொடுப்பார்கள். இங்கே 1975லிருந்து கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. எந்தக் குறைபாடு உள்ள பிள்ளையையும் பப்ளிக் ஸ்கூல் மறுக்க முடியாது, செலவும் பள்ளியுடையது. விசா என்ன என்ற கேள்வி இதில் வராது. மதிப்பீடு செய்யுங்கள் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால், இல்லினாயில் 14 பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். சம்மதம் கொடுத்த நாளிலிருந்து 60 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து ஐஈபி கூட்டம் நடத்த வேண்டும். எழுத்தில் கொடுத்து, தேதி போட்டு, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் அந்த நாள் கணக்கு தொடங்காது.

ஐஈபி என்பது அந்த ஒரு பிள்ளைக்காக மட்டும் எழுதும் திட்டம். மேஜையைச் சுற்றி ஆசிரியர், சைக்காலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், நாங்கள் இருவர். பதினான்கரை வயதிலிருந்து அவனையும் உட்கார வைத்து, பள்ளி முடிந்து என்ன செய்ய ஆசை என்று கேட்டார்கள். "லைப்ரரி" என்றான். அதுவரை அவனிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை, நாங்களும் சேர்த்துத்தான். அந்த ஒரு சொல்லைத் திட்டத்தில் எழுதினார்கள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை எண் வரிசையில் அடுக்கும் வேலை கொடுத்தார்கள். தசம எண்கள் அவனுக்கு அதில்தான் பிடிபட்டன. பன்னிரண்டாவதோடு அனுப்பிவிடவும் மாட்டார்கள். தேவை இருந்தால் 22 வயது வரை டிரான்சிஷன் புரோகிராம் உண்டு. பஸ் ஏறுவது, கடையில் பணம் எண்ணிக் கொடுப்பது, துணி துவைப்பது எல்லாம் பாடம். போராட வேண்டிய கூட்டங்களும் எங்களுக்கு இருந்தன. எல்லாம் தானாக வந்துவிடவில்லை. ஆனால் இங்கே போராடுவதற்குக் கையில் ஒரு சட்டம் இருக்கிறது.

குடும்பம் நண்பர் வட்டம் என்று யாரிடமும் சொல்லாமல் பிள்ளையை மறைத்து வைத்திருக்கும் நம் ஆட்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து எழுதிக் கொடுங்கள். மிடில் ஸ்கூலிலோ ஹைஸ்கூலிலோ எந்த வருடமும் கேட்கலாம்.

---

சிங்காநல்லூர்காரன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று பதிலையும் மகளிடம் கொடுத்தேன். வாலிபால் பகுதியைப் படித்ததும் கோச்சின் மின்னஞ்சலைத் தேட ஆரம்பித்துவிட்டாள். சின்னம்மை ஊசி போடவே இல்லை என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். முதல் டோஸ் நாளைக்கு.

அரோரா அப்பா, உங்கள் பதிவை என் மனைவி அவளுடைய அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்கள் நியூஜெர்சியில் இருக்கிறார்கள்.

ரூட்59 அக்கா, இன்னும் ஒன்று. பள்ளியிலேயே கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பார்கள் என்கிறாள் மகள், உண்மையா? எல்-2, அதாவது எல்-1காரரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இந்தத் திட்டங்களில் எங்கேயாவது கதவு மூடுமா?

---

ரூட்59_அம்மா:

உண்மைதான் தம்பி. இல்லினாயில் பப்ளிக் ஹைஸ்கூல் டிரைவர்ஸ் எட் நடத்தியே ஆக வேண்டும். 15 வயது முடிந்திருக்க வேண்டும், முந்தைய இரண்டு செமஸ்டரில் எட்டுப் பாடமாவது பாஸ் செய்திருக்க வேண்டும். அதற்கும் அந்த ஒன்பதாவது மார்க் ஷீட்தான். வகுப்பில் 30 மணி நேரம், காரில் 6 மணி நேரம். அப்புறம் பெற்றோரை பக்கத்தில் வைத்துக்கொண்டு 50 மணி நேரம் ஓட்ட வேண்டும், அதில் 10 மணி நேரம் ராத்திரியில். பெர்மிட் வாங்கி ஒன்பது மாதம் கழித்து, 16 வயது முடிந்திருந்தால் லைசென்ஸ். காரை அவளிடம் கொடுப்பதற்கு முன் உங்கள் கார் இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஏறும் என்று கேட்டுவிடுங்கள், அது ஒரு பெரிய தொகை.

விசா விஷயத்தில், பள்ளிக்குள்ளே எந்தக் கதவும் மூடாது. வகுப்பு, விளையாட்டு, ஏபி, பஸ் எல்லாம் எல்லோருக்கும் போலத்தான். பள்ளிக்கு வெளியேதான் வித்தியாசம். எல்-2 பிள்ளை சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சிநேகிதிகள் கோடையில் ஐஸ்கிரீம் கடையிலும் நீச்சல் குளத்திலும் வேலைக்குப் போகும்போது இவளுக்குக் கஷ்டமாக இருக்கும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நூலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் வாலன்டியராகப் போகலாம். பதினொன்றாவதில் அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வு வழியாக வரும் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு முன்பு குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்டார்கள், இப்போது அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளைக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆனால் கல்லூரிக்கான கூட்டாட்சி அரசு நிதி உதவி கிடையாது. 21 வயதில் எல்-2 முடிந்துவிடும். அதனால் கல்லூரிச் செலவை இப்போதிருந்தே கணக்குப் போடுங்கள். காலேஜ் ஆஃப் டியூபேஜ் மாதிரி கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது இங்கே கௌரவக் குறைவே இல்லை, பலரும் செய்கிறார்கள். ஹைஸ்கூலிலேயே சில பாடங்களை டூயல் கிரெடிட்டாக எடுத்தால் அந்தக் கல்லூரிக் கணக்கில் ஏறும். ஏபி போல மே மாதம் ஒரே பரீட்சையை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. கிராஃபிங் கால்குலேட்டர், டிஐ-84 என்பார்கள், அதை ஊரில் தேடி அலையாதீர்கள். என்னிடம் இரண்டு சும்மா கிடக்கிறது. வீடு எந்தப் பக்கம் முடிவானது என்று எழுதுங்கள், கொண்டு வந்து தருகிறேன்.